பாலம் போட்டது குத்தமா?

எங்கள் வளாகத்து மாணவர்கள் போட்ட நாடகம் முடிந்து நாளாகிவிட்டது. சான்றிதழ் கொடுத்தாயிற்று, வாடகை நாற்காலிகள் திரும்பிப் போயாயிற்று, முகமூடிகளில் இரண்டு விடுதிச் சுவரில் தொங்குகின்றன. கூட்டத்திலிருந்து ஒரு பெரியவர் கேட்ட கேள்வி மட்டும் என்னை விட்டுப் போகவில்லை. "கடலுக்குப் பாலம் போட்டது எப்படிப்பா குத்தமாகும்?" என்று கேட்டார். ஏறக்குறைய 2500 வருடப் பழைய கிரேக்க நாடகம் அது. உலகம் முழுக்க அதைப் பற்றி எழுதிக் குவித்திருக்கிறார்கள். பாம்பன்காரர் ஒருவர் உட்கார்ந்த இடத்திலிருந்தே அதன் வர்மத்தில் விரல் வைத்துவிட்டார் என்றுதான் எனக்குப் படுகிறது. இயக்கிய மேடத்துக்கு அப்படிப் படவில்லை. அந்தச் சண்டையைப் பற்றித்தான் இந்தப் பதிவு.

நான் கடற்பாசி ஆராய்கிறவன். நாடகத்துக்கும் எனக்கும் உள்ள உறவு, சின்ன வயதில் கோயில் கொடைக்கு விடிய விடிய வள்ளி திருமணம் பார்த்ததோடு சரி. வலைப்பதிவு எழுதுகிறேன் என்ற ஒரே காரணத்துக்காக, "தமிழில் கொஞ்சம் சரிபண்ணிக் கொடுங்கள் சார்" என்று வசனத்தாளை என் கையில் திணித்துவிட்டார்கள். எங்கள் வளாகம், இங்கே வடகடல் என்று சொல்கிற பாக் விரிகுடா ஓரத்தில் இருக்கிறது. சுற்றுச்சுவரைத் தாண்டினால் பனை, பனையைத் தாண்டினால் மணல், பிறகு கடல். மேடம் எங்களிடம் விருந்து ஆசிரியராக வந்தவர். கிரேக்க நாடகத்தைக் குளிர்சாதன அரங்குக்குள் போடுவது, மீனைத் தொட்டியில் விட்டுக் கடல் என்று சொல்வதற்குச் சமம் என்று முதல் கூட்டத்திலேயே அறிவித்தார். அரங்கத்துக்குக் கட்டணம் கட்ட வேண்டியதில்லை என்றதும் நிர்வாகமும் உடனே ஒத்துக்கொண்டது.

எடுத்துக்கொண்டது பழைய கிரேக்க நாடகாசிரியர் ஏஸ்கிலஸின் 'பாரசீகர்கள்'. கி.மு. 472-இல் ஏதென்ஸில் அரங்கேறியது. அதற்குச் செலவு செய்த புரவலர் பெரிக்ளிஸ். பின்னாளில் ஏதென்ஸையே தன் சொல்லில் நடத்திய அதே பெரிக்ளிஸ்தான், அப்போது இளவட்டம். கதை என்று பெரிதாக ஒன்றும் இல்லை. சலாமிஸ் நீரிணையில் கி.மு. 480-இல் கிரேக்கர்கள் பாரசீகக் கப்பற்படையை உடைத்தார்கள். அந்தச் சேதி பாரசீகத் தலைநகருக்கு எப்படி வந்து சேர்கிறது என்பதுதான் முழு நாடகமும். கிழவர்கள் காத்திருக்கிறார்கள். ராணி கெட்ட கனவு கண்டு வருகிறாள். தூதன் வந்து சொல்கிறான். இறந்துபோன ராஜா டேரியஸின் ஆவியை எழுப்பிக் கேட்கிறார்கள். கடைசியில் மகன் செர்க்சஸ் கிழிந்த உடையோடு வருகிறான். எல்லோரும் அழுகிறார்கள். ஜெயித்த ஊர்க்காரன் எழுதி, ஜெயித்த ஊர்க்காரர்கள் உட்கார்ந்து பார்த்த நாடகத்தில், மேடைமேல் ஒரு கிரேக்கன்கூட இல்லை. முழுக்க எதிரியின் அழுகை. அக்கரையில் மண்டோதரி அழுவதைக் கம்பன் பாடும்போது இக்கரையில் நாம் கண் கலங்குகிறோமே, அந்த வகை.

மாணவர்களுக்கு முதலில் இது பிடிக்கவில்லை. "நம்ம கதை இருக்கே மேடம், 64 புயல் இருக்கே, தனுஷ்கோடி ரயில் இருக்கே" என்றார்கள். மேடம் அதற்கு ஒரு பழைய கதை சொன்னார். ஏஸ்கிலஸுக்கு மூத்தவரான பிரினிகஸ், மிலேட்டஸ் என்ற நகரம் பாரசீகரிடம் விழுந்ததை நாடகமாகப் போட்டார். மிலேட்டஸ்காரர்கள் ஏதென்ஸுக்கு உறவுமுறை. பார்த்த சனம் மொத்தமும் அழுதது. அழுது முடித்ததும், எங்கள் வீட்டு இழவை எங்களுக்கே ஞாபகப்படுத்தினாய் என்று நாடகக்காரருக்கு 1000 திராக்மா அபராதம் போட்டார்கள். இனி யாரும் அதை மேடையேற்றக் கூடாது என்று தடையும் வந்தது. பழைய கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரடோட்டஸ் எழுதிவைத்த சேதி இது. சொந்தத் துக்கத்தை நேரே பார்க்க முடியாத ஊருக்கு ஏஸ்கிலஸ் எதிராளியின் துக்கத்தைக் காட்டினான் என்பது மேடத்தின் வாதம். பையன்கள் ஒப்புக்கொண்டார்களா என்று தெரியாது. அபராதம் என்ற சொல் வேலை செய்தது.

முள்ளும் கொண்டலும்

திறந்தவெளி என்று சொல்ல அழகாக இருக்கிறது. நடிகர்கள் வெறுங்காலோடு ஆட வேண்டும் என்றார் மேடம். ராமநாதபுரத்து மண்ணில் வெறுங்காலா? ஜேசிபி வைத்துச் சீமைக்கருவேலத்தை அப்புறப்படுத்தினார்கள். மரம் போயிற்று, முள் மணலுக்குள் தங்கிவிட்டது. ஒத்திகையின் முதல் பாதி, பாரசீகத்துப் பெரியமனிதர்கள் குத்தவைத்து உட்கார்ந்து ஊக்கால் முள் எடுப்பதில் கழியும். ஒருநாள் சலித்துப்போய்ப் பையன்கள் வலை தைக்கும் கொட்டகையிலிருந்து பழைய வலைகளை வாங்கிவந்து தரையில் விரித்தார்கள். அது காலில் சிக்கியது. கடைசியில் பனை ஓலைப் பாயைப் பரப்பி அதன்மேல் கடற்கரை மணலைக் கொட்டினோம்.

கிரேக்கர்கள் விளக்குப் போட்டு நாடகம் நடத்தவில்லை. வசந்த காலத்து டயோனிசஸ் திருவிழாவில், பகல் வெளிச்சத்தில், அக்ரோபோலிஸ் குன்றின் தெற்குச் சரிவில் உட்கார்ந்து பார்த்தார்கள். நாங்களும் விளக்கு வேண்டாம் என்று முடிவு செய்து, மாலை நாலரைக்கு ஆரம்பிப்பதாக வைத்துக்கொண்டோம். எங்களுக்குக் கடல் கிழக்கே. கூட்டம் கடலைப் பார்த்து உட்கார்ந்தால் வெயில் முதுகில் அடிக்கும், நடிகர் முகத்தில் விழும். செர்க்சஸ் வருகிற நேரத்துக்குப் பொழுது சாய்ந்திருக்கும். காசில்லாத ஒளியமைப்பு. முதுகு வெந்தவர்கள் எங்களைத் திட்டியிருப்பார்கள், அது வேறு. காற்றும் கணக்குக்கு வந்தது. சித்திரை மாதத்துச் சாயங்காலம் கடலிலிருந்து கொண்டல் அடிக்கும். நடிகர் கடல் பக்கம் நின்றால் அவர் குரலைக் காற்றே கூட்டத்துக்குக் கொண்டுவந்து கொடுத்துவிடும். மைக் வைத்துப் பார்த்தோம், காற்றின் இரைச்சல்தான் கேட்டது. எடுத்துவிட்டோம். குரல் கட்டிப்போனவர்களுக்குப் பனங்கற்கண்டு.

கூட்டமாகப் பாடி ஆடுகிற கோரஸ்தான், அதாவது சேதிக்குக் காத்திருக்கும் அந்தக் கிழவர்கள்தான், பெரிய பாடு. ஏஸ்கிலஸ் காலத்தில் பன்னிரண்டு பேர், அவருக்குப் பின்வந்த நாடகக்காரர் சோபாக்கிளிஸ் அதைப் பதினைந்தாக்கினார் என்பார்கள். பன்னிரண்டு பேரும் ஒரே குரலில் அழுதால் பள்ளிக்கூடத்துப் பிரார்த்தனை மாதிரி இருந்தது. விடுதியில் சமைக்கிற அக்கா வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார். தாங்க முடியாமல் எழுந்துவந்து, "எழவு வீட்டுல இப்படியா அழுவாக? ஒருத்தி எடுக்கணும், மத்தவ வாங்கணும். எடுக்கிறவ செத்தவன் பெருமையைச் சொல்லணும், வாங்குறவ 'ஆமா'ன்னு மாரடிக்கணும்" என்றார். மேடம் கையிலிருந்த புத்தகத்தைத் திறந்து கடைசிக் காட்சியைக் காட்டினார். செர்க்சஸ் ஒரு வரி, கோரஸ் ஒரு வரி. "மாரில் அடி" என்று செர்க்சஸே உத்தரவு போடுகிறான். அன்றிலிருந்து அந்தக் காட்சிக்கு அக்காதான் இயக்குநர்.

தெருக்கூத்து மாதிரி செய்திருக்கலாமே என்று சென்னையிலிருந்து வந்த நண்பர் ஒருவர் பிறகு கேட்டார். நவீன நாடகக்காரர்களுக்குத் தமிழ்நாடு என்றால் தெருக்கூத்துதான். அது வட தமிழ்நாட்டுச் சொத்து. எங்கள் பக்கம் ஸ்பெஷல் நாடகம்: சங்கரதாஸ் சுவாமிகள் வழி, ஆர்மோனியம், மிருதங்கம், ராஜபார்ட், பபூன். அதில் கூட்டம் சும்மா உட்கார்ந்து பார்க்காது. மேடையிலிருக்கிறவன் கேட்டால் பதில் சொல்லும், கேட்காவிட்டாலும் சொல்லும். நடிகனும் விடமாட்டான். இந்தப் பழக்கத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

சூரை

மீன்பிடித் தடைக்காலத்தில் நாள் வைத்தது நல்லதாகப் போயிற்று. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கரையில் கிடக்கும். சுற்றுக் கிராமங்களிலிருந்து பிள்ளைகுட்டிகளோடு வந்துவிட்டார்கள். முதல் கால்மணி நேரம் கோரஸ் படைத் தலைவர்களின் பெயர்களை அடுக்கியபோது கூட்டம் கடலை கொறித்தது. மேடத்தின் முகம் வாடியது. ராணி கனவு சொன்னபோது பெண்கள் பக்கம் கொஞ்சம் காது கொடுத்தார்கள்.

தூதன் வந்ததும் நிலைமை மாறியது. ஆயிரம் கப்பல், எதிரே முந்நூற்றுப் பத்து. ஒடுங்கிய வாய்க்குள் பெரிய கப்பல்கள் நுழைந்து, திரும்ப இடமில்லாமல் ஒன்றின் துடுப்பை ஒன்று முறித்துக்கொண்ட கதை. தடைக்காலம் முடிந்த மறுநாள் துறைமுகத்திலிருந்து படகுகள் ஒரே நேரத்தில் கிளம்புவதைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கவிழ்ந்த கப்பலிலிருந்து தண்ணீரில் தத்தளித்தவர்களை, வளைத்துப் பிடித்த சூரை மீனை அடிக்கிற மாதிரி, உடைந்த துடுப்பாலும் பலகைத் துண்டாலும் அடித்துக் கொன்றார்கள் என்று தூதன் சொல்கிறான். ஏஸ்கிலஸின் வரிதான் அது, நாங்கள் சேர்க்கவில்லை. கடலை கொறிப்பது நின்றது. எனக்குப் பக்கத்தில் இருந்தவர் தன் கூட்டாளியிடம், "அங்கிட்டு கரைக்கு அணைச்சு வளைச்சு அடிக்கிற தொழில் போல" என்று மெல்லச் சொன்னார். மத்தியதரைக் கடலில் சூரையை அப்படித்தான் பிடித்தார்கள். எந்தப் பேராசிரியரும் சொல்லிக்கொடுக்காமல், ஓர் உவமையிலிருந்து ஒரு கடலின் தொழிலையே அவர் படித்துவிட்டார்.

ஆவி

பிறகு டேரியஸ். ராணி பால், தேன், தண்ணீர், பூ எல்லாம் கொண்டுவந்து கல்லறையில் ஊற்ற வேண்டும். மூலத்தில் திராட்சை மதுவும் உண்டு. நிர்வாகம் இருக்கிற தைரியத்தில் எலுமிச்சைச் சாறு. உடுக்கையை அடித்துக் கோரஸ் கூப்பிட, மணல்மேட்டுக்குப் பின்னாலிருந்து ஓலைக் கிரீடமும் வெள்ளை முகமூடியுமாக எழுந்துவந்தான் எங்கள் டேரியஸ். முதுகுளத்தூர்ப் பக்கத்துப் பையன். அவன் தாய்மாமா ஸ்பெஷல் நாடகத்தில் எமன் கட்டுகிறவர். இரண்டு குழந்தைகள் அலறிவிட்டன. சங்கரதாஸ் சுவாமிகள் எமன் வேடத்தில் வந்ததைப் பார்த்துக் கர்ப்பிணி ஒருத்திக்குக் கரு கலைந்தது, அதோடு அவர் வேடம் கட்டுவதையே விட்டார் என்று நம்மிடம் ஒரு கதை உண்டு. ஏஸ்கிலஸின் வேறொரு நாடகத்தில் பழிவாங்கும் தேவதைகள் மேடைக்கு வந்தபோது பெண்களுக்குக் கரு கலைந்தது என்று கிரேக்கர்களிடமும் அதே கதை இருக்கிறது. இரண்டும் நடந்ததோ இல்லையோ, நாடகக்காரர்களுக்கு இதைவிடப் பெரிய விருது கிடையாது.

ராணி நடந்ததைச் சொல்கிறாள். மகன் ஆசியாவுக்கும் ஐரோப்பாவுக்கும் நடுவே உள்ள ஹெலஸ்பாண்ட் நீரிணையில் பாலம் கட்டிப் படையை அக்கரைக்கு நடத்திப் போனான் என்கிறாள். அதைக் கேட்டதும் டேரியஸ் பொங்குகிறான். புனிதமான நீரோட்டத்தை அடிமையைப் போல விலங்கிட்டுப் பிடிக்கப் பார்த்தான், மனிதனாகப் பிறந்தவன் கடலரசன் பொசைடனையே ஆள நினைத்தான், அவன் புத்திக்கு நோய் வந்திருக்கிறது என்கிறான். நாடகத்தின் அச்சாணி இந்த இடம். தோல்விக்கு எல்லாம் காரணம் இந்தக் குற்றம்தான் என்று செத்தவன் வாயாலேயே தீர்ப்பு வருகிறது.

அப்போதுதான் அந்தக் குரல். "ஏப்பா ராசா! கடலுக்குப் பாலம் போட்டது எப்படிப்பா குத்தமாகும்?"

சேதுபதிகள் ஆண்ட சீமையில் இந்தக் கேள்வி வராது என்று நினைத்ததே தப்பு என்பதுபோல் மேடம் நெற்றியில் கைவைத்தார். டேரியஸ் ஒரு கணம்தான் தடுமாறினான். பிறகு தாய்மாமாவின் ரத்தம் பேசியது. கையை உயர்த்தி, ராஜபார்ட் குரலில், "கேட்டீரே நல்ல கேள்வி! ராமபிரானும் பாலம் போட்டார். போடுமுன்னே திருப்புல்லாணியிலே தர்ப்பையைப் பரப்பிப் படுத்து, கடலரசனிடம் வழி கேட்டார். என் மகன் யாரிடம் கேட்டான்?" என்றான். கைத்தட்டல் பறந்தது. சீட்டி வேறு.

தட்டல் அடங்கியதும் அதே குரல், கொஞ்சம் சலிப்போடு: "நான் ராமரைச் சொல்லலப்பா. பஸ்ஸு போற பாலத்தைச் சொன்னேன்."

சிரிப்பு. டேரியஸிடம் இதற்குப் பதில் இல்லை. முகமூடிக்குள் அவன் விழித்தது எங்களுக்குத் தெரியவில்லை, ஆனால் கிரீடம் லேசாக ஆடியது. கோரஸ் தலைவி சமயோசிதமாக அடுத்த வரியை எடுத்தாள்: "டேரியஸ் ராஜாவே, இனி பாரசீக சனத்துக்கு என்ன வழி?" நாடகம் நகர்ந்துவிட்டது.

டீக்கடையில்

பெரியவர், கோரஸில் நின்ற பெண்ணின் தாத்தா. பாம்பன். நாடகம் முடிந்து டீ குடிக்கும்போது பிடித்துக்கொண்டேன். கேலிக்குக் கேட்டீர்களா என்றதும் கோபம் வந்துவிட்டது. ரயில் பாலம் 1914-லேயே வந்துவிட்டதுதான். ஆனால் ரயில் வருகிற நேரத்துக்குத்தான் நோயும் வரவேண்டும் என்றார். சாலைப் பாலம் திறந்தது 1988-இல். அதற்கு முன்னால் ஒரு வாடைக்காலத்து ராத்திரி அவர் சம்சாரத்துக்கு வலி கண்டு, ரயில் இல்லாமல், தெரிந்தவர் வத்தையில் ஏற்றி மண்டபத்துக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள். "மூத்தது தங்கல" என்பதோடு அதை முடித்துக்கொண்டார். "இந்தா நிக்கிறாளே பேத்தி, இவ ஆத்தா எல்லாம் அதுக்குப் பெறகு. அந்த ராசா செத்துப்போயி வந்து பாலத்தைக் குறை சொல்றாரு. அவருக்கென்ன, அரமனையில பெத்தாக."

பையன் சொன்ன பதில் அழகான பதில். ஆனால் அந்தப் பதிலுக்குள்ளேயே ஒரு சிக்கல் இருக்கிறது. கடலரசன் வரத் தாமதமானதும் ராமனும் வில்லைத்தான் எடுத்தான். அம்பின் சூட்டில் கடல் கொதித்த பிறகே வழி கிடைத்தது. அந்தப் பக்கம் செர்க்சஸ் கட்டிய முதல் பாலத்தைப் புயல் அடித்துக்கொண்டு போனதும் கடலுக்கு 300 கசையடி கொடுக்கச் சொன்னான், விலங்கைத் தூக்கி உள்ளே போட்டான், பாலம் கட்டியவர்களின் தலையை வாங்கினான் என்கிறார் ஹெரடோட்டஸ். கேட்டுச் செய்தானா, கேட்காமல் செய்தானா என்று பிரித்துத் தீர்ப்பு எழுதிவிட முடியாது. பெரியவர் இதற்குள் எல்லாம் போகவே இல்லை. பாலம் எதற்கு என்பதுதான் அவர் கணக்கு.

அன்று இரவு ஹெரடோட்டஸைத் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். நாலாவது புத்தகத்தில் ஒரு சேதி கிடைத்ததும் மேடத்துக்கு வாட்ஸப் அனுப்பினேன், மணி ஒன்று. டேரியஸும் பாலம் கட்டியிருக்கிறான்! சிதியர்கள் மேல் படையெடுத்தபோது, பாஸ்பரஸ் நீரிணையில், கப்பல்களை வரிசையாகக் கட்டி. சாமோஸ் தீவுக்காரன் மாண்ட்ரோகிளிஸ் என்பவன் கட்டிக்கொடுத்தான். ராஜா அவனுக்கு அள்ளிக் கொடுத்தான். அவன் அந்தப் பாலத்தையே ஓவியமாக எழுதவைத்து ஹேரா கோயிலுக்குக் காணிக்கை செலுத்தினான். அதோடு விடவில்லை, டான்யூப் ஆற்றிலும் ஒரு பாலம். அந்த டான்யூப் பாலத்துக்குக் காவல் நின்றவர்களில் ஒருவர் மில்டியாடிஸ். மாரத்தான் போரில் பாரசீகரைத் தோற்கடித்த அதே ஏதென்ஸ் தளபதி. மாரத்தானில் ஏஸ்கிலஸும் நின்று போரிட்டிருக்கிறார், அவருடைய தம்பியோ அண்ணனோ ஒருவர் அங்கேதான் செத்தார். ஏஸ்கிலஸின் கல்லறைக்குச் சொல்லப்படும் வரிகளில் நாடகம் பற்றி ஒரு சொல் இல்லை, மாரத்தான் மட்டும்தான் இருக்கிறது. ஆக, டேரியஸ் பாலம் கட்டியது எழுதியவருக்குத் தெரியாமல் இருந்திருக்காது. பார்த்தவர்களுக்கும் தெரிந்திருக்கும்.

தெரிந்தே மறைத்திருக்கிறார். மேடையில் டேரியஸ் குறையே இல்லாத அப்பன். மகன் ஒருவன்தான் கெட்டான். அப்பா செய்த அதே காரியத்தை அவனும் செய்தான், அப்பாவுக்குப் பலித்தது, இவனுக்குப் பலிக்கவில்லை. அதற்குப் பிறகு அப்பா எழுந்துவந்து, பாலம் கட்டுவது தெய்வக் குற்றம் என்கிறார். நம் வீடுகளில் கேட்காத பேச்சா இது? மகனுக்குப் பதில் சொல்லும் வாய்ப்பையும் நாடகம் கொடுப்பதில்லை. செர்க்சஸ் வந்து சேருமுன் ஆவி உள்ளே இறங்கிவிடுகிறது. அம்மாவும் புது உடை எடுத்துவரப் போனவள் திரும்பி மேடைக்கு வருவதே இல்லை.

எங்களுக்குள் சண்டை இங்கேதான். அடுத்த முறை போடும்போது செர்க்சஸுக்கு ஒரே ஒரு வரி கொடுக்க வேண்டும் என்கிறேன் நான். அப்பாவின் கல்லறையைப் பார்த்து, "பாஸ்பரஸில் நீங்கள் கட்டவில்லையா?" என்று ஒரு கேள்வி. மேடம் மறுக்கிறார். ஆவி சொல்வதைச் சந்தேகிக்க ஆரம்பித்தால் நாடகமே நிற்காது, பிறகு அது செர்க்சஸ் தரப்பு வக்கீல் நோட்டீஸ் ஆகிவிடும் என்கிறார். டேரியஸ் நாடகத்தில் வருகிற பாத்திரம், சரித்திரத்து ராஜா இல்லை என்கிறார். பாலம் என்பது குறியீடு, ஆசியாக்காரன் ஐரோப்பாவுக்குள் கால்வைத்த அத்துமீறல்தான் விஷயம் என்கிறார். எல்லாம் சரிதான். ஆனால் பாம்பனில் பாலம் குறியீடு இல்லை. 1964-இல் புயல் உடைத்துப் போட்ட ரயில் பாலத்தை 46 நாளில் சரிசெய்தார்கள், யார் தலையும் போகவில்லை. 2025 ஏப்ரலில் நடுப்பகுதி செங்குத்தாக மேலே எழும்புகிற புதுப் பாலம் திறந்தார்கள். செர்க்சஸ் கட்டிய அதே நீரிணையில் துருக்கியர் 2022-இல் தொங்குபாலம் கட்டிவிட்டார்கள். டேரியஸ் கட்டிய பாஸ்பரஸில் 1973-லேயே ஒன்று வந்துவிட்டது. பொசைடன் பழகிக்கொண்டிருப்பார்.

ஒரே ஒரு விஷயத்தில் மேடத்தை இறங்கிவர வைத்தது நான் இல்லை, பெரியவர்தான். கிளம்பும்போது, "எல்லாம் சரிம்மா, இவ்வளவு அழுகாச்சி, ஒரு பபூன் கூடவா இல்ல?" என்று கேட்டுவிட்டுப் போனார். மேடத்துக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கிரேக்கர்களும் சோக நாடகத்தோடு கூட்டத்தை வீட்டுக்கு அனுப்பவில்லை. மூன்று சோக நாடகம் போட்டால் நாலாவதாக, குதிரை வாலும் குடிவெறியுமாக ஆடும் சாட்டிர்களை வைத்து ஒரு கேலி நாடகம் போட வேண்டும், போட்டி விதியே அதுதான். 'பாரசீகர்கள்' போட்ட அன்றைக்கும் கடைசியில் அப்படி ஒன்று போட்டிருக்கிறார்கள், நமக்கு அது மிஞ்சவில்லை. முழுசாக மிஞ்சியிருப்பது யூரிப்பிடிஸின் 'சைக்ளோப்ஸ்' ஒன்றுதான். ஒற்றைக்கண் அரக்கன், கரை ஒதுங்கிய மாலுமிகள், கடற்கரைக் குகை. அடுத்த தடைக்காலத்துக்கு இரண்டையும் சேர்த்துப் போடுவதாகப் பேச்சு. பபூனுக்கு முதுகுளத்தூர்த் தாய்மாமாவையே கேட்டிருக்கிறோம், அட்வான்ஸ் கேட்கிறார். செர்க்சஸின் வரி இன்னும் வசனத்தாளில் ஏறவில்லை.